தூள் களத்தை ட்ரோன்ல படம் எடுக்கணும், எந்தக் கோணமுங்க சரி?

தூள்களம்_உடுமலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. உடுமலைக்கு வடக்கால, மெயின் ரோட்டை விட்டு உள்ள தள்ளி, எங்களுக்குத் தென்னை நார்த்தூள் கட்டி போடற ஃபேக்டரி இருக்குதுங்க. மட்டை மில்லுகள்ல இருந்து தூள் வாங்கி, உப்புப் போகக் கழுவி, களத்துல காயப்போட்டு, 5 கிலோ கட்டியா அமுத்திக் கப்பல்ல அனுப்பறோம். மொத்த இடம் ஒம்பது ஏக்கரா. அதுல சிமெண்ட் களம் மட்டும் நாலு ஏக்கராவுக்கு வரும்.

புதுசா ஒரு வெளிநாட்டு பையர் பேசிட்டிருக்காரு. நேர்ல வர்றதுக்கு முன்னாடி இடத்தை மேல இருந்து எடுத்த படம் அனுப்பச் சொல்லியிருக்காரு. அப்படியே கேட்டலாக்குக்கும் வெப்சைட்டுக்கும் ஆகும்னு மூணு பேரை விசாரிச்சேன். மூணும் மூணு விதமாச் சொல்றாங்க.

கல்யாணத்துக்கு ட்ரோன் விடற தம்பி, "நேரா மேல நிறுத்திக் கீழ பாத்து எடுத்தா மொத்தமும் ஒரே படம்"ங்கறாரு. கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர், "45 டிகிரிதான் வழக்கம், வேற எதுவும் வேண்டாம்"னு ஒரே பேச்சா முடிச்சுட்டாரு. இன்னொருத்தர் படமே வேண்டாம், சுத்தி வந்து வீடியோ எடுத்துக்கலாங்கறாரு. ரேட்டும் ஒருத்தர் சொன்னதுக்கு மூணு மடங்கு இன்னொருத்தர். இதுக்கு நடுவுல எங்க மாமனார், "பின்னால மலை தெரியோணும், இல்லாட்டி அது உடுமலைன்னு எவனுக்குத் தெரியும்?"னு ஒத்தக்கால்ல நிக்கறாரு.

ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒருத்தரை வெச்சு எடுத்த படம் கையில இருக்குது. அதுல பாத்தா நீலத் தகரம் மட்டுந்தான் தெரியுது, ஃபேக்டரியே தெரியல. அதனாலதான் இந்த வாட்டி காசு குடுக்கறதுக்கு முன்னயே கேட்டுக்கறேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சோமனூர்_தறி:

400 அடிக்கு ஏத்தி நேரா கீழ பாக்கச் சொல்லுங்க. மொத்தமும் வந்துரும். எங்க தறிக்குடோனை அப்படித்தான் எடுத்தோம், நல்லாத்தான் இருந்துச்சு. இதுக்குப் போயி எதுக்கு இத்தனை ரோசனை?

---

கிளுவைவேலி (காங்கேயம்):

சோமனூர்த் தம்பி கோவிச்சுக்காதீங்க, அந்தக் கணக்கு இந்த அம்மணிக்கு ஒத்து வராது. 400 அடிங்கறது 120 மீட்டர். அனுமதி கேக்காம ஏத்தக்கூடிய உச்சமே அதுதான், அதுவும் அரசு மேப்புல பச்சை மண்டலம்னு குறிச்ச எடத்துல. சாதாரண ட்ரோன் கேமராவுல இருக்கறது 24 எம்எம் கணக்கு லென்ஸ், அகலமாக் காட்டறது. அதை 120 மீட்டர்ல நிறுத்தி நேரா கீழ பாத்தா, படத்துக்குள்ள விழற தரை சுமாரா 170 மீட்டருக்கு 130 மீட்டர். அஞ்சரை ஏக்கராவுக்குக் கொஞ்சம் பக்கம். தறிக்குடோன் அதுக்குள்ள அடங்கும். ஒம்பது ஏக்கரா அடங்காது. அந்தக் கல்யாணத் தம்பி சொன்ன "மொத்தமும் ஒரே படம்" இங்கயே அடிபட்டுப் போச்சு. துண்டு துண்டா எடுத்து ஒட்டித்தான் ஆகோணும்.

எந்தக் கோணம்னு கேக்கறதுக்கு முன்ன, படத்தைப் பாக்கப் போறவன் எதைத் தேடுவான்னு பாருங்க. நான் காங்கேயத்துல அரிசி மில்லு, கொப்பரைக் களம், பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுன்னு எடுத்துட்டுத் திரியறவன். தூள் வாங்கற பையரு உங்க பில்டிங்கோட அழகைப் பாக்க மாட்டாரு. தூளு மண்ணுல காயுதா, சிமெண்ட்ல காயுதான்னு பாப்பாரு. மண் களம்னா மணலும் களை விதையும் சேர்ந்து வந்துரும், அங்க அவரு செடி வெக்கறவன்கிட்டப் பேச்சு வாங்கோணும். அப்புறம், ஆடு மாடு உள்ள வராம வேலி இருக்குதா, கழுவற தொட்டி எங்க, கழுவுன தண்ணி எங்க போகுது, கண்டெய்னர் லாரி உள்ள வந்து திரும்ப எடம் இருக்குதா. இதெல்லாம் கேக்காமலே படத்துல தேடுவாரு. மலை அவருக்குத் தேவையில்லை. மலை உங்க மாமாவுக்குத் தேவை. ரெண்டும் நாயந்தான், ஆனா ரெண்டையும் ஒரே படத்துல அடைக்க முடியாது. ஏன்னு சொல்றேன்.

கேமரா நேரா முன்னால பாத்தா 0, நேரா கீழ பாத்தா 90னு வெச்சுக்குவோம். மேல சொன்ன 24 லென்ஸுக்கு, நடுவுல இருந்து மேல 28 டிகிரி, கீழ 28 டிகிரி வரைக்கும் கண்ணு போகும். அப்ப கேமரா 28 டிகிரிக்கு மேல குனிஞ்சுட்டா அடிவானம் படத்தை விட்டு வெளிய போயிரும். கோயமுத்தூர்க்காரர் சொல்ற 45ல மலை வரவே வராது, அவரு எத்தனை கெட்டிக்காரரா இருந்தாலும். வீடியோன்னா ஃப்ரேம் மேலயும் கீழயும் இன்னும் ஒடுங்கியிருக்கும், 22 டிகிரியிலயே மலை போயிரும். இதை மாமாகிட்டச் சொல்லி, 45 டிகிரிக்காரர் "மலையும் வரும்"னு சொல்லியிருந்தா அவரை அப்படியே அனுப்பிருங்க.

உங்க பழைய படத்துல தகரம் மட்டும் தெரியறதுக்குக் காரணமும் கோணந்தான். 60, 70 டிகிரி குனிஞ்சு எடுத்திருப்பாங்க. அந்தக் கோணம் ரெண்டுங்கெட்டான். சுவரும் தெரியாது, நேர் மேல இருந்து பாக்கற கணக்கும் கிடைக்காது. பில்டிங்குக்கு 15ல இருந்து 20 டிகிரி போதும். உயரம் ரொம்ப வேண்டாம். கூரைக்கும் தென்னைக்கும் கொஞ்சம் மேல, 30 மீட்டர்னு வெச்சுக்குங்க. 30 மீட்டர்ல நின்னு 45 டிகிரி குனிஞ்சா, படத்தோட நடு 30 மீட்டர் தூரத்துல விழும். 20 டிகிரி மட்டும் குனிஞ்சா 80 மீட்டருக்கு அக்கட்ட விழும். அப்ப ட்ரோனைப் பில்டிங்கை விட்டு அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தோணும். பக்கத்துத் தோட்டத்து மேல போக வேண்டி வந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிருங்க, இல்லாட்டி "எங்க காட்டை எதுக்கு அளக்கறீங்க?"னு வரப்புல வந்து நிப்பாங்க. எங்கூருல நடக்கறதுதான்.

மலைக்கு வர்றேன். 24 லென்ஸ்ல மலை கெடச்சாலும் ஒரு கோடாட்டந்தான் இருக்கும், மாமா ஒத்துக்க மாட்டாரு. இப்ப வர்ற சில ட்ரோன்ல 70 எம்எம் கணக்குல, தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுத்துக் காட்டற ரெண்டாவது லென்ஸ் இருக்குது. அதை வெச்சு மூணு மடங்கு பின்னால போய் நின்னீங்கன்னா, பில்டிங் அதே அளவுல இருக்கும், பின்னால மலை மட்டும் மூணு மடங்கு பெருசா எந்திரிச்சு நிக்கும். 35 மீட்டர் உயரம், 250 மீட்டர் தூரம், 8 டிகிரி குனிவு. கணக்கு அவ்வளவுதான். முன்னால நெட்டைத் தென்னை மறைக்காத பக்கமாப் பாத்துக்கோணும். ஆள் பேசும்போது, "உங்க ட்ரோன்ல 70 இருக்குதா?"னு கேளுங்க. முழிச்சாருன்னா மலைப் படத்துக்கு அவரு ஆகமாட்டாரு.

களத்துக்கு மட்டும் வேற கோணம். இதுல ஒண்ணு ரொம்ப முக்கியம். களம் பூராத் தூளைப் பரப்பி வெச்சுட்டுப் படம் எடுத்தா, அடியில இருக்கறது சிமெண்ட்டா மண்ணான்னு எந்தக் கோணத்துலயும் தெரியாது. தூள் நிறமும் செம்மண் நிறமும் மேல இருந்து பாத்தா அத்தனை வித்தியாசம் இல்லை. ஒரு ஓரமா, டிராக்டர் போற அகலத்துக்கு ரெண்டு மடங்கு, தூளை ஒதுக்கிச் சுத்தமாக் கூட்டி விடுங்க. அந்த வெள்ளைப் பட்டைதான் பையருக்குப் பதில். அதை 45ல இருந்து 50 டிகிரியில எடுத்தா, பட்டையும் தெரியும், தூள் குவியலோட உசரமும் தெரியும். கோயமுத்தூர்க்காரர் சொன்ன 45 இந்த ஒரு எடத்துக்கு நெசமாவே சரி.

உங்க ஆபீஸ் முகப்பு எந்தத் திசை பாத்திருக்குது? களம் எந்தப் பக்கம்? எப்ப எடுக்கப் போறீங்க? அது தெரியாம வெளிச்சத்தைப் பத்திச் சொல்ல முடியாது.

---

நிலஅளவை_ஓய்வு (ஈரோடு):

மேலே காங்கேயத்து நண்பர் சொன்னதில் ஒட்டுப் படத்தைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நேர்மேல் படங்களைச் சேர்த்து ஒரே படமாக்குவதென்றால், அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்காவது படிய வேண்டும். விமானத்தில் ஃபிலிம் கேமரா வைத்து எடுத்த காலத்தில் பறக்கும் திசையில் 60 சதவீதம், பக்கவாட்டில் 30 சதவீதம் என்பது கணக்கு. ஒரே இடம் இரண்டு படத்தில் வந்தால்தான் ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்து மேடு பள்ளம் பார்க்க முடியும். இப்போது மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது, அதற்கு இன்னும் அதிகம் படிய வேண்டும், அவ்வளவே.

தனிப் படம் ஒன்றை வைத்து அளவு எடுக்காதீர்கள். நேர்மேல் படத்தின் நடுவில் நிற்கும் தென்னை தரையில் வைத்த விசிறி போலத் தெரியும். ஓரத்தில் நிற்பது வெளிப்பக்கம் சாய்ந்து, அடிமரம் முழுக்கத் தெரியும். மரம் சாயவில்லை, லென்ஸ் ஒரே புள்ளியிலிருந்து பார்ப்பதால் உயரமான எதுவும் அப்படித்தான் வெளியே தள்ளும். உங்கள் கூரையும் அப்படியே தள்ளியிருக்கும். அதைப் பார்த்து, "எங்க ஷெட்டு பக்கத்துக்காரர் எல்லைக்குள்ள போயிருச்சு" என்று பயந்துகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லைக்கு எஃப்எம்பி (நில அளவைத் துறையின் புலப்பட) வரைபடமும் எல்லைக் கல்லும்தான். ட்ரோன் படம் விளம்பரத்துக்கு.

---

தூள்களம்_உடுமலை:

ரெண்டு பேருக்கும் நெம்ப நன்றிங்ணா. அந்த வெள்ளைப் பட்டை விசயம் எங்களுக்குத் தோணவே இல்லை.

ஆபீசும் புது ஷெட்டும் வடக்குப் பாத்து இருக்குதுங்க. களம் கெழக்கால. மலை தெக்கால தெரியும், திருமூர்த்தி மலைப் பக்கம். இப்ப ஆடி பொறந்துருச்சு, காத்து சொல்லவே வேண்டாம், களத்துல தூளே நிக்க மாட்டேங்குது. காத்து நின்னதுக்கப்புறம் புரட்டாசி, ஐப்பசியில எடுத்துக்கலாமான்னு வீட்டுல பேச்சு. பையரு ஐப்பசி கடைசியிலதான் வர்றாரு. லைசென்ஸ் கிய்சென்ஸ் ஏதாச்சும் நாங்க பாக்கோணுமா? இன்னொண்ணு, தூள் பறந்து கேமராவுல படிஞ்சு கெட்டுப்போச்சுன்னா எங்க தலையில கட்டுவாங்களான்னும் ஒரு பயம்.

---

கிளுவைவேலி (காங்கேயம்):

அம்மணி, புரட்டாசிக்குத் தள்ளாதீங்க. முகப்பு வடக்குப் பாத்துதுன்னு சொன்னீங்களே, அதனால சொல்றேன்.

நம்ம ஊருக்குச் சித்திரை முதல் வாரத்துல ஒருக்கா, ஆவணி ரெண்டாம் வாரத்துல ஒருக்கா உச்சிப் பொழுதுல சூரியன் நேர் தலைக்கு மேல வரும். இந்த ரெண்டுக்கும் நடுவுல, வைகாசி, ஆனி, ஆடியில, சூரியன் நமக்கு வடக்காலதான் போகும். காலையிலயும் வடகெழக்குச் சாடையாத்தான் மேல வரும். வடக்குப் பாத்த சுவத்துல வருசத்துல வெயில் அடிக்கறதே இந்தச் சீசன்லதான். புரட்டாசி பொறந்துட்டா வெயில் தெக்கால சாஞ்சுரும். அப்புறம் பங்குனி பாதி வரைக்கும் உங்க ஆபீஸ் முகப்பு நாள் முழுக்க நெழல்ல கெடக்கும். பின்னால வானம் பளிச்சுன்னு, முன்னால சுவர் கருப்பா. அதைக் கம்ப்யூட்டர்ல வெளுத்து எடுத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு சாயம் வரும்.

இன்னொரு கொடுப்பினையும் உங்களுக்கு இருக்குது. மலை தெக்கால, முகப்பு வடக்கால. ட்ரோன் வடக்கால நின்னு தெக்க பாத்தா முகப்பும் மலையும் ஒரே நேர்ல வரும். ஆடியில அந்த நேரம் சூரியன் கேமராவுக்கு முதுகுப் பக்கம் சாஞ்சு நிக்கும். மாமா கேட்ட படத்துக்கு இதை விட நல்ல மாசம் கெடையாது. ஒரே வில்லங்கம், ஆடியில மலை மேல மேகம் மூடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து மேகத்தையும் கொண்டாந்து மலையில சாத்திருது. அதனால தேதி குறிச்சு ஆள் கூப்புடாதீங்க. ஆவணி முதல் வாரம் வரைக்கும் எந்த நாள் வெடியால மலை தெளிஞ்சிருக்குதோ அன்னிக்கு வர்றதுக்கு ஒத்துக்கற ஆளாப் பாருங்க. உள்ளூர்க்காரருக்குத்தான் இது முடியும். கோயமுத்தூர்ல இருந்து வர்றவரு கெளம்பி வந்து சேர்றதுக்குள்ள மலை மறுபடி மூடிரும்.

காத்துக்கும் அதே வெடியாலதான் மருந்து. ஏழு மணிக்கு அடங்கி இருக்கறது பத்து, பத்தரைக்கு மேல வேகம் புடிச்சுரும். சின்ன ட்ரோன் பலதும் விநாடிக்கு 10, 12 மீட்டர் வரைக்குந்தான் தாங்கும்னு கம்பெனியே சொல்லுது. தரையில இருக்கற காத்தை வெச்சு எடை போடாதீங்க, தென்னை உசரத்துக்கு மேல போனா அது வேற காத்து. முதல்ல மேக்கால, காத்துக்கு எதிரா ஓட்டி, வரும்போது காத்தோட வரச் சொல்லுங்க. கெழக்கால போயிட்டுப் பேட்டரி கொறைஞ்ச நேரத்துல எதிர்க்காத்துல திரும்பறதுதான் ஆபத்து. 70 லென்ஸ்ல ஆட்டம் இன்னும் அதிகமாத் தெரியும், ஷட்டர் வேகம் 500ல ஒரு பங்கு விநாடியை விட மெதுவாப் போக வேண்டாம்.

அப்ப வேலை இப்படி ஓடும்: ஏழு, ஏழரைக்கு வடக்கால இருந்து முகப்பும் மலையும். தகரம் பளபளன்னு கண்ணைக் கூசுனா ட்ரோனைப் பத்தடி பக்கவாட்டுல நகத்துனாப் போதும், கூச்சம் மாறிரும். அது முடிஞ்சதும் களம். நீங்க காலையிலதான பரப்புவீங்க? ஒம்பது மணி வாக்குல பாதிக் களத்துல டிராக்டர் ஓட்டிப் புரட்டியிருக்கும், பாதி புரட்டாம இருக்கும். ஈரத்தூள் கருப்பா, காஞ்சது வெளுப்பா வரி வரியா நிக்கும். கெழக்கு வெயிலுக்குக் குறுக்கா, வடக்குல இருந்தோ தெக்குல இருந்தோ எடுத்தா ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு நெழல் விழும். டிராக்டரும் அதை ஓட்டற ஆளும் படத்துல இருக்கட்டும், அப்பத்தான் களம் எத்தனை பெருசுன்னு பாக்கறவனுக்குப் பிடிபடும். கடைசியா நேர்மேல் ஒட்டுப் படம். அது கேட்டலாக்குக்கு வேண்டாம், பையருக்கு மெயில்ல அனுப்பறதுக்கு மட்டும். தொட்டி, களம், குடோன், லாரி திரும்பற எடம் எல்லாத்துக்கும் மேல பேர் எழுதி அனுப்புங்க. அவரு கேக்கற கேள்வி பாதி கொறைஞ்சுரும்.

தூள் பயம் நாயமானது. களத்துல இருந்து ஏத்தாதீங்க, எறக்காதீங்க. விசிறிக் காத்துல காஞ்ச தூள் பூராக் கெளம்பி மோட்டாருக்குள்ள போகும், லென்ஸ்லயும் ஒட்டும். ஆபீஸ் முன்னால புல்லு மேல தார்ப்பாய் விரிச்சு அங்க இருந்து ஏத்தட்டும். களத்துக்கு மேல 15 மீட்டருக்குக் கீழ வர வேண்டாம்னு முன்னயே பேசிருங்க. இப்படிப் பேசிட்டா, அப்புறம் என்ன ஆனாலும் அது ஓட்டறவரு பொறுப்பு.

லைசென்ஸ் விசயம். 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராமுக்கு மேல இருக்கற ட்ரோனைக் காசு வாங்கிட்டு ஓட்டறவருக்கு ரிமோட் பைலட் சான்று வேணும். ட்ரோனுக்கு அடையாள எண்ணும், மூணாம் நபர் இன்சூரன்ஸும் இருக்கோணும். மூணையும் வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. பறக்கற அன்னிக்குக் காலையில அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல உங்க எடம் பச்சையா இருக்குதான்னு அவரையே காட்டச் சொல்லுங்க. சோமனூர்த் தம்பிக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்குப் பீளமேடு ஏர்போர்ட்டும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கம். ஏர்போர்ட் சுத்துச்சுவர்ல இருந்து 8ல இருந்து 12 கிலோமீட்டருக்குள்ள 200 அடிக்கு மேல போறதுக்கே அனுமதி வேணும், அதை விடக் கிட்டன்னா அனுமதி இல்லாம ஏத்தவே கூடாது. 400 அடி ஏத்துன குடோன் படத்தை வெப்சைட்ல போடறதுக்கு முன்ன அதை ஒருக்கா மேப்புல பாத்துக்குங்க.

---

சோமனூர்_தறி:

போட்டாச்சுங்ணா... சரி, பாக்கறேன்.

---

தூள்களம்_உடுமலை:

மாமாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். முதுகுப் பக்கம் சூரியன்னு சொன்னதும் அமைதியாயிட்டாரு. ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னாரு. ஆவணி வரைக்கும் மலை தெளியவே இல்லைன்னா, வேற நாள் எடுத்த மலையைப் பின்னால ஒட்டிக் குடுப்பாங்களாமே, அது பண்ணிக்கலாமா? கல்யாணத் தம்பி அதுக்குத் தனி ரேட்டே சொல்லியிருக்காரு.

---

கிளுவைவேலி (காங்கேயம்):

ஐப்பசியில அந்த பையரு உங்க வாசல்ல நின்னு தெக்க திரும்பிப் பாப்பாரு அம்மணி. ஒட்டுன மலை ஒரு சாண் தள்ளி இருந்தாலும், அடுத்து அவரு சந்தேகப்படப் போறது உங்க சிமெண்ட் களத்தை. மேகம் மூடுன மலையோடயே எடுங்க. ஆடியில அதுதான உடுமலை. மாமாவுக்குன்னு தை மாசத்துல ஒரு தடவை தெக்கால மலையடிவாரத்துப் பக்கம் இருந்து வடக்க பாத்து, வாய்க்காலும் தென்னந்தோப்புமா ஒரு படம் எடுத்து ஆபீசுல மாட்டிக்குங்க. அப்ப வெயில் தெக்கால இருக்கும், தோப்பு நல்லா வரும். ஆனா மலைக்கு ரொம்பக் கிட்டப் போகாதீங்க, ஆனைமலை புலிகள் காப்பகத்து எல்லைக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ட்ரோன் ஏத்துனா கேஸாயிரும்.